ஞானம் தேடத் தொடங்குபவருக்கு: சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

"பக்தி பாமரருக்கு, ஞானம் படித்தவருக்கு" என்ற பேச்சு நம்மிடையே நன்றாக ஊறிப்போயிருக்கிறது. கோயிலுக்குப் போய்க் கும்பிடுவதும் நெய்விளக்குப் போடுவதும் கீழ்ப்படி, வேதாந்தம் படித்து "எல்லாம் ஒன்றே" என்று பேசத் தெரிந்தால் மேல்படி என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தோடு தொடங்குகிறவர் நிறையக் கேட்பார், நிறையப் பேசுவார், ஆனால் உள்ளே நின்ற இடத்திலேயே நிற்பார். நம் பக்தி நூல்கள் சொல்வது வேறு. அவை எதை ஞானம் என்கின்றன, சேலத்தில் வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் அதை நோக்கி எங்கிருந்து நடக்கத் தொடங்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பரம்பரையாகப் படித்த குடும்பமாக இருக்க வேண்டியதும் இல்லை.

முதலில் கீதையின் பட்டியல்

பகவத்கீதை 18 அத்தியாயம், 700 சுலோகம். முதல் நாளே முதல் பக்கத்தில் தொடங்கி முழுவதையும் படித்து முடிக்கப் பார்க்காதீர்கள். 13ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். 7 முதல் 11 வரை உள்ள சுலோகங்கள் போதும். சில பதிப்புகளில் தொடக்கத்தில் அர்ஜுனனின் கேள்வி ஒன்று கூடுதலாக இருக்கும். அவற்றில் 8 முதல் 12 வரை பாருங்கள். உரை எளிமையாக இருந்தால் போதும்.

ஞானம் எது என்று கண்ணன் அங்கே பட்டியல் போடுகிறான். மொத்தம் 20. முதலாவது தற்பெருமை இல்லாமை. இரண்டாவது பகட்டு இல்லாமை. பிறகு பிற உயிரைத் துன்புறுத்தாமை, பொறுமை, நேர்மை, ஆசிரியருக்குப் பணிவிடை, தூய்மை, உறுதி, மன அடக்கம் என்று போகிறது. பிறப்பு, இறப்பு, மூப்பு, நோய் இவற்றில் உள்ள துன்பத்தை நினைத்துப் பார்ப்பதும் அதில் வருகிறது. நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் மனம் சமநிலையில் இருப்பது, கண்ணனாகிய தன்னிடம் வழுவாத பக்தி, தனிமையான இடத்தை நாடுவது, ஆன்ம அறிவில் நிலைத்திருப்பது எல்லாம் உண்டு. கடைசியில், "இதுவே ஞானம், இதற்கு மாறானது அஞ்ஞானம்" என்று முடிக்கிறான்.

நாம் ஞானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பலவும் இந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை நூல் படித்தாய், எத்தனை சுலோகம் மனப்பாடம் என்ற கேள்வி எங்கும் வரவில்லை. இருப்பதில் பெரும்பகுதி ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பற்றியது. இவை ஞானத்துக்கு வழியாக இருப்பதால் ஞானம் என்றே அழைக்கப்படுகின்றன என்று சங்கரர் தம் உரையில் விளக்குகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: பக்தி இந்தப் பட்டியலுக்கு உள்ளேயே இருக்கிறது.

ஒரு தாளில் 20ஐயும் உங்கள் கையால் எழுதுங்கள். அதில் முதலாவதை மட்டும் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்துக்குப் போகிறீர்கள், முன்வரிசையில் உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அந்த நிமிடம் உள்ளே என்ன எழுகிறது? அலுவலகத்தில் நீங்கள் செய்த வேலைக்கு இன்னொருவர் பேர் வாங்கிக்கொண்டு போகிறார். அப்போது? "நீங்க நல்லா பூஜை பண்றீங்க" என்று யாராவது சொன்னதும் முதுகு லேசாக நிமிர்கிறதே, அதையும் பாருங்கள். அதோடு சண்டை போட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். "வந்தது" என்று இரவில் ஒரு வரி குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் தற்பெருமை போய்விடாது. ஆனால் அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பது தெரிந்துவிடும். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் "மக்கள், மனைவி, வீடு இவற்றில் ஒட்டிக்கொள்ளாமை" என்றும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் குடும்பப் பொறுப்பிலிருந்து நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஞானம் இல்லை. பிள்ளையின் மதிப்பெண்ணை என் மானமாகவும், வீட்டின் உயரத்தை என் உயரமாகவும் நினைக்காமல் இருப்பதைத்தான் அது கேட்கிறது. பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் கட்டத்தான் வேண்டும். நேர்மையும் அதே பட்டியலில்தானே இருக்கிறது?

சுகவனேசுவரர் சன்னதியில் யோசிக்க வேண்டியது

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சுகவனேசுவரர் கோயில். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருப்பீர்கள். சுக முனிவர் கிளி வடிவில் சிவனை வழிபட்ட தலம் என்கிறது தலபுராணம். அருணகிரிநாதர் பாடிய தலமும்கூட. அடுத்த முறை போகும்போது அந்தச் சுகர் யார் என்பதைக் கொஞ்சம் மனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

வியாசரின் மகன் சுகர். பிறவி ஞானி என்று போற்றப்படுகிறவர். ஏழு நாளில் சாவு என்று சாபம் பெற்ற பரீட்சித்து மன்னன் கங்கைக் கரையில் உட்கார்ந்து, "சாகப்போகிறவன் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டபோது சுகர் சொன்னதுதான் பாகவதம். ஞானத்தின் உச்சியில் நின்றவர், அந்த ஏழு நாளும் பகவானின் கதைகளைத்தான் சொன்னார்.

அந்தப் பாகவதம் பிறந்த கதையும் இதே கருத்தைத் தொடுகிறது. வேதத்தைத் தொகுத்து, மகாபாரதம் எழுதி முடித்த பிறகும் வியாசருக்கு மனம் நிறையவில்லை. நாரதர் வந்து காரணம் சொல்கிறார்: மாசில்லாத ஞானமே ஆனாலும், அச்சுதனிடம் அன்பு இல்லாவிட்டால் அது ஒளிராது. பாகவதத்தின் முதல் காண்டம், ஐந்தாம் அத்தியாயத்தில் இது இருக்கிறது.

பாகவதத்தின் பெருமையைச் சொல்லும் மாகாத்மியத்தில் இன்னொரு காட்சி உண்டு. பக்தி இளம்பெண்ணாக நின்று அழுகிறாள். அவள் அருகே இரண்டு கிழவர்கள் நினைவில்லாமல் கிடக்கிறார்கள். ஒருவன் பெயர் ஞானம், மற்றவன் வைராக்கியம், அதாவது பற்றின்மை. இருவரும் அவள் பெற்ற பிள்ளைகள்! "நான் திராவிட நாட்டில் பிறந்தேன்" என்று நாரதரிடம் சொல்கிறாள் அவள். ஞானம் பக்தியின் பிள்ளை என்று சொல்கிற இந்த இடத்தை நம் ஊரில் யாரும் எடுத்துப் பேசாதது எனக்குப் பெரிய குறை.

கீதை 7ஆம் அத்தியாயமும் இதற்குத் துணை. கண்ணன் தன் பக்தர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறான்: துன்பப்பட்டு வருகிறவன், அறிய விரும்புகிறவன், பொருள் வேண்டி வருகிறவன், ஞானி. ஞானி தனிக் கூட்டம் இல்லை, பக்தர் வரிசையில்தான் நிற்கிறான். "நால்வரும் நல்லவர்களே" என்றும் கண்ணன் சேர்த்துச் சொல்கிறான். கடன் தீர வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று கோட்டை மாரியம்மனிடம் வேண்டி நிற்கிறவரை யாரும் குறைவாகப் பார்க்க வேண்டாம். உங்கள் தொடக்கமும் அதுவாக இருந்தால் கூச்சப்படாதீர்கள்.

ஒரே ஒரு பாட்டு, பொருளோடு

அடுத்த படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்கச் சொல்வேன். ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள் பக்கம் மனம் சாய்ந்தவர் பூதத்தாழ்வாரிடம் தொடங்கலாம். இரண்டாம் திருவந்தாதியின் முதல் பாட்டு:

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா நன்புருகி
ஞானச் சுடர்விளக்கு ஏற்றினேன் நாரணற்கு
ஞானத் தமிழ்புரிந்த நான்

தகளி என்றால் அகல். அகல் அன்பு, நெய் ஆர்வம், திரி உருகிய சிந்தை. இவ்வளவும் கூடிய பிறகே ஞானம் என்ற சுடர் வருகிறது. இதைச் சொல்லிக்கொண்டே வீட்டில் ஒரு விளக்கை ஏற்றிப் பாருங்கள். அகலைத் துடைக்கும்போது முதல் சொல், நெய் ஊற்றும்போது அடுத்தது, திரியை நெய்யில் தோய்த்து நுனியைக் கிள்ளி நிமிர்த்தும்போது "இன்புருகு சிந்தை". திரி காய்ந்திருந்தால் பற்றி எரிந்து கருகிவிடும். நெய் ஊறிய திரிதான் நின்று எரியும். ஆழ்வார் சிந்தையை ஏன் "இன்புருகு" என்றார் என்பது அந்த நேரத்தில் கைக்கே புரியும்.

இதற்கு முன்னும் பின்னும் உள்ள முதல், மூன்றாம் திருவந்தாதிகளின் முதல் பாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பொய்கையாழ்வார் உலகத்தை அகலாக, கடலை நெய்யாக, கதிரவனை விளக்காக வைத்துப் பாடினார். பூதத்தார் உள்ளே விளக்கேற்றினார். பேயாழ்வார் "திருக்கண்டேன்" என்று பாடினார். மழை இருட்டில் திருக்கோவலூரில் ஒரு வீட்டு இடைகழியில் (நடைவழியில்) மூவரும் ஒடுங்கி நிற்க, நான்காவதாக ஒருவர் நெருக்கியதாகவும், அது யாரென்று பார்க்கவே இந்த விளக்குகள் ஏற்றப்பட்டதாகவும் வைணவ மரபு சொல்கிறது. வெளியே ஒரு விளக்கு, உள்ளே ஒரு விளக்கு, அப்புறம் நெருக்கிய பெருமாளின் காட்சி.

சிவன் பக்கம் சாய்ந்தவருக்குச் சிவபுராணம். 95 அடி. பல வீடுகளில் ஏற்கெனவே ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியும் இருக்கும். ஆனால் மாணிக்கவாசகர் கடைசியில் என்ன சொல்கிறார்? "சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்" சிவபுரத்தில் இருப்பார் என்கிறார். பொருள் உணர்வதை அவரே கேட்டு வைத்திருக்கிறார். நாளுக்கு இரண்டு அடி என்று வைத்துக்கொண்டால்கூட ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும்.

நடுவே ஓரிடத்தில் நின்று நிதானியுங்கள்:

மெய்ஞ்ஞானம் ஆகி மிளிர்கின்ற மெய்ச்சுடரே
எஞ்ஞானம் இல்லாதேன் இன்பப் பெருமானே
அஞ்ஞானம் தன்னை அகல்விக்கும் நல்லறிவே

எந்த ஞானமும் இல்லாதவன் நான் என்று தன்னைச் சொல்கிறார். மெய்ஞ்ஞானமும் நீ, அஞ்ஞானத்தை விலக்கும் நல்லறிவும் நீ என்று சிவனைச் சொல்கிறார். பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர், கல்வியில் குறைவில்லாதவர் என்று மரபு போற்றும் மனிதர் பாடுவது இது. ஞானம் நான் சம்பாதித்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிற சொத்து இல்லை, அது அவனேதான், அவன் வந்தால் அதுவும் வரும் என்கிறார். நம்மாழ்வாரும் திருவாய்மொழியைத் தொடங்கும்போதே "மயர்வற மதிநலம் அருளினன்" என்கிறார். மயக்கம் தீர்ந்த நல்ல அறிவை அவன் அருளினான் என்று சொல்கிறாரே தவிர, நான் பெற்றேன் என்று சொல்லவில்லை. அந்த மதிநலத்தைப் பக்தியாகவே கனிந்த ஞானம் என்று வைணவ ஆசாரியர்கள் விளக்குகிறார்கள். சைவமும் வைணவமும் பல விஷயங்களில் வேறு வேறு வழி போகும். இந்த இடத்தில் இரண்டும் ஒரே குரல்.

படிக்கும் முறை: பதம் பிரித்த பதிப்பு வாங்குங்கள். காலையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைய அடியின் பொருளை வீட்டில் யாரிடமாவது உங்கள் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அம்மாவோ பிள்ளையோ, யாராக இருந்தாலும் சரி. சொல்ல முடியாமல் தடுமாறும் இடத்தில்தான் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அம்மாபேட்டையில் தறியில் உட்கார்கிறவர், கடையில் நிற்கிறவர், பேருந்து ஓட்டுகிறவர் எல்லாருக்கும் நாள் முழுக்க ஓர் அடியை உள்ளே ஓட்டிக்கொண்டிருக்க முடியும். அதற்குத் தனி நேரம் தேவையில்லை.

திருவாசக முற்றோதல் எங்காவது நடந்தால் ஒரு நாள் போய் உட்காருங்கள். 658 பாட்டையும் ஒரே நாளில் ஓதி முடிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஒரு புத்தகத்தைத் தந்து, விட்ட வரியை விரலால் காட்டுவார். ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, வாயசைத்தாலே போதும்.

கையால் செய்வது

அப்பர் சமண மடத்தில் தருமசேனர் என்ற பேரோடு தலைமை வரை உயர்ந்த கல்விமான் என்கிறது பெரியபுராணம். அவ்வளவு படித்தவர் சைவத்துக்குத் திரும்பிய பிறகு கையில் எடுத்தது உழவாரம். கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்றார். "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள்" என்று கடிந்து பேசியவரும் அவரே. கீதையின் பட்டியலில் முதலாவதாக உள்ள தற்பெருமை இல்லாமையைப் படித்துப் பெற முடியாது. குனிந்து கல்லைத் தேய்க்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

உழவாரப் பணி செய்யும் குழுக்கள் நம் மாவட்டத்துக் கோயில்களுக்கு வருவதுண்டு. கோயில் அலுவலகத்தில் விசாரியுங்கள். அனுமதி இல்லாமல் எதையும் தொட வேண்டாம். விளக்கு மாடத்தில் வருடக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி இறுகிக் கிடக்கும். பச்சரிசி மாவைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு, மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டி, பழந்துணியால் துடைக்க வேண்டும். ஆசிட் ஊற்றுவது, இரும்புத் தகட்டால் கீறுவது இரண்டும் கல்லைக் கெடுக்கும். ஒரு மாடத்துக்கே அரை மணி நேரம் போய்விடும். சுரண்டச் சுரண்ட அடியிலிருந்து கல்லின் சாம்பல் நிறம் வரும், சில நேரம் சின்னதாக ஒரு பூவேலையும் வரும். நீங்கள் துடைத்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. படம் எடுத்துப் போடாமல் வீடு திரும்ப முடிந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

ஆசிரியர்

கீதை 4ஆம் அத்தியாயம், 34ஆம் சுலோகம் மூன்று கேட்கிறது: வணங்கு, கேள்வி கேள், பணிவிடை செய். நடுவில் கேள்வி இருப்பதை மறக்காதீர்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் தங்க வேண்டாம். ஞானியின் அடையாளம் என்ன என்று கேட்கும்போது அர்ஜுனன், "அவன் எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான்?" என்றுதான் கேட்டான். நீங்களும் அதையே பாருங்கள். மேடையில் இல்லை, மேடையிலிருந்து இறங்கிய பிறகு. கார் ஓட்டி வந்தவரிடமும் தண்ணீர் கொண்டு வந்த பையனிடமும் எப்படிப் பேசுகிறார்? மற்ற தெய்வத்தை இழிவாகப் பேசுகிறாரா? காரியத்துக்கு விலை சொல்கிறாரா? குடும்பத்தை விட்டு வா என்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

காவிதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் தெருக் கோயிலில் ஆண்டுக்கணக்காகத் தேவாரம் பாடுகிற ஓதுவார், மார்கழியில் திருப்பாவைக்குப் பொருள் சொல்கிற ஒரு பெரியவர், இவர்களிடம் முதல் இரண்டு வருடத்துக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். தீட்சைக்கு அவசரப்படாதீர்கள்.

மலையில் ஒரு காலை

தனிமையான இடத்தை நாடுவது பட்டியலில் உண்டு என்று சொன்னேன். சேலத்துக்காரர்களுக்கு அதற்குக் குறையே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சனி, ஞாயிறு வேண்டாம், ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். வார நாளில் முதல் பேருந்தைப் பிடியுங்கள். சேர்வராயன் கோயில் வரை போங்கள். மலைக்கே பேர் தந்த தெய்வம். குனிந்து நுழைகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள் வழிவழியாக வணங்கிவரும் இடம் அது. அவர்கள் வீட்டுக்குள் நுழைகிற மரியாதையோடு நுழையுங்கள். மே மாதத் திருவிழாவுக்குப் போனால் தனிமை கிடைக்காது, ஆனால் புத்தகம் எதுவும் கைப்படாத பக்தி எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிடைக்கும்.

கும்பிட்டு வெளியே வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத புல்வெளி ஓரத்தில் உட்காருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். நீங்கள் படித்துவந்த அந்தப் பாட்டை மட்டும் மெல்லச் சொல்லிக்கொண்டிருங்கள். முதல் கால் மணி நேரம் கடன், வேலை, யாரோ சொன்ன வார்த்தை எல்லாம் வரிசையில் வரும். வரட்டும். எழுந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் போதும். அனுபவம் வரவில்லை, ஒளி தெரியவில்லை என்று ஏமாற வேண்டாம். அதற்காகப் போகவில்லை.

பிறகு எதைப் படிப்பது

இவ்வளவுக்கும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கீதை முழுவதையும் ஒரு தமிழ் உரையோடு படித்துவிடலாம். பாரதியாரின் மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும். திருக்குறளில் மெய்யுணர்தல், 36ஆம் அதிகாரம், பத்தே குறள். சைவர்கள் அடுத்துத் தேவாரத்தில் அப்பரையும், வைணவர்கள் திருப்பாவை 30 பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். அத்வைதமா, விசிஷ்டாத்வைதமா, சைவ சித்தாந்தமா என்ற விவாதத்தை இந்த ஒரு வருடம் தள்ளி வையுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அது இரவு பகலாக ஓடும், இழுத்தாலும் போகாதீர்கள். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம்தான், ராமானுஜரின் கீதை உரையும் தமிழில் கிடைக்கிறது. ஆனால் இரண்டையும் தனியாகத் தொட வேண்டாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லித் தர வேண்டிய நூல்கள் அவை. அதற்குள் உங்களுக்கு அப்படி ஒருவர் அமைந்திருப்பார். அமையவில்லை என்றால் சிவபுராணத்தையே இரண்டாவது முறை, இந்தத் தடவை நாளுக்கு ஓர் அடி என்று படியுங்கள்.